கணினி இரைகிறதா? விசிறியைக் கவனியுங்கள்

மாணவர்களே, மேசைக் கணினியை முடுக்கியதும் கூடத்தில் இருப்பவர்கள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறார்களா? இரவு வேலை முடிந்து வந்து பகலில் உறங்கும் அப்பாவுக்காகக் கணினியை அணைத்துவிட்டு, பாடவேலையைத் தள்ளிப் போட்டிருக்கிறீர்களா? கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்தில் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் நிறைய. சிறிய தாமான் வீட்டில் ஒரு கணினி இரைந்தால் ஒருவரின் தூக்கமும் இன்னொருவரின் படிப்பும் சேர்ந்தே கெடும்.

இதற்குச் சிலர் செய்யும் வைத்தியம் ஆபத்தானது. பெட்டியின் மேல் துணியைப் போர்த்துகிறார்கள். மேசைக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். சிலர் விசிறியின் கம்பியையே பிடுங்கிவிடுகிறார்கள். சத்தம் போய்விடும். குளிர்ச்சியும் சேர்ந்தே போய்விடும். வேறு சிலர், “கணினிக்கு வயதாகிவிட்டது, இனி புதிதுதான்” என்று முடிவுகட்டுகிறார்கள். பெரும்பாலும் தேவைப்படுவது சிறிது சுத்தமும், கைப்பிடி அளவுள்ள ஒரு புதிய விசிறியும்தான்.

குளிர்ச்சியைக் குறைக்காமல் இரைச்சலை மட்டும் குறைப்பது எப்படி? இரண்டாம் படிவ அறிவியலில் வெப்பமும் ஒலியலையும் அடுத்தடுத்து வரும் பாடங்கள். இந்தக் கேள்விக்கு இரண்டுமே வேண்டும்.

விசிறி எதற்கு?

கணினி வாங்கும் மின்னாற்றல் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. செயலி என்பது விரல்நகம் அளவுள்ள ஒரு சிலிக்கன் சில்லு. 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் ஆலைகளிலும் பினாங்கு ஆலைகளிலும் வேலை செய்பவர்களுக்குச் சில்லு என்பது அன்றாடச் சொல். அந்தச் சிறிய பரப்பில் பிறக்கும் வெப்பம் உடனே வெளியேறியாக வேண்டும்.

அதன் பயணத்தைப் பாருங்கள். சில்லிலிருந்து வெப்பப் பசை வழியாக உலோகத் தகடுகளுக்குச் செல்வது வெப்பக் கடத்தல். தகடுகளிலிருந்து காற்றுக்குச் சென்று, காற்றோடு வெளியேறுவது வெப்பச் சலனம். விசிறி இந்தச் சலனத்தை விரைவுபடுத்துகிறது.

எவ்வளவு காற்று வேண்டும்? நான்காம் படிவ இயற்பியல் படிப்பவர்களுக்கு இது எளிய கணக்கு. பாடநூலில் ‘முவாத்தான் ஹாபா தெந்து’ என்று இருப்பதுதான் தமிழில் தன்வெப்பக் கொள்ளளவு. 1 கிலோகிராம் காற்றின் வெப்பநிலையை 1 பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 1000 ஜூல் வேண்டும். கணினி 100 வாட் வெப்பத்தை, அதாவது நொடிக்கு 100 ஜூலை வெளியிடுகிறது என்போம். வெளியேறும் காற்று, உள்ளே வந்த காற்றைவிட 10 பாகை மட்டுமே சூடாக இருக்க வேண்டுமென்றால்:

100 ÷ (1000 × 10) = 0.01 கிலோகிராம்

நொடிக்கு 10 கிராம் காற்று. கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் 1 கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோகிராம் என்பதால், இது நொடிக்கு 8.3 லிட்டர் ஆகிறது. ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்கள் ஐந்தரை கொள்ளும் காற்று ஒவ்வொரு நொடியும் பெட்டிக்குள் வந்து வெளியேற வேண்டும். அந்த ஓட்டம் பாதியானால் வெப்பநிலை உயர்வு 10 பாகையிலிருந்து 20 பாகை ஆகிவிடும்.

இங்கே நம் ஊரின் தட்பவெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றால் குளிரும் கணினி, அறையின் வெப்பநிலையைவிடக் கீழே இறங்க முடியாது. குளிரூட்டப்பட்ட 22 பாகை அறையில் 60 பாகை காட்டும் செயலி, அதே வேலையையும் அதே விசிறி வேகத்தையும் வைத்துக்கொண்டு கூலிமின் 32 பாகைப் பிற்பகலில் ஏறத்தாழ 70 பாகை காட்டும். குளிர்நாட்டுக்காரர் ஒருவர், “விசிறியை மிக மெதுவாக ஓடவிடலாம்” என்று காணொளியில் சொன்னால், அதை அப்படியே நம் வீட்டில் செய்யக்கூடாது.

செயலி அதிகம் சூடானால், பலவற்றில் 100 பாகையை நெருங்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் கணினியே அணைந்துவிடும். காலையில் நன்றாக ஓடும் கணினி பிற்பகலில் மந்தமாகிறது என்றால், கிருமி நிரலைத் தேடுவதற்கு முன் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

விசிறிச் சத்தம் எல்லாம் ஒன்றல்ல. மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, காற்றின் ஓசை. இறக்கைகள் காற்றை வெட்டுவதாலும், காற்று சல்லடைத் துளைகளிலும் தகடுகளிலும் மோதிச் சுழிவதாலும் ‘உஸ்’ என்று எழுவது. கணினிக்கு வேலை கூடும்போது இதுவும் கூடினால், விசிறி வேகமாக ஓடவேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, பேரிங் சத்தம். காலையில் முடுக்கியவுடன் ‘கர்ர்’ என்று அரைத்து, சற்று நேரத்தில் தணிந்தால், விசிறியின் அச்சைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது அல்லது அது தேய்ந்துவிட்டது. இதற்குப் புது விசிறிதான் மருந்து.

மூன்றாவது, அதிர்வு. ‘ம்ம்ம்’ என்ற ஒரே சீரான முனகல். பெட்டியின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ, விசிறியின் அதிர்வு தகட்டுக்கு ஏறுகிறது. ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டிக் காற்றில் பிடித்தால் மெல்லிதாகக் கேட்கும். அதன் காம்பை மேசைமேல் ஊன்றினால் உரக்கக் கேட்கும் அல்லவா? இங்கே இரும்புத் தகடுதான் அந்த மேசை.

விசிறியின் சுருதியையும் கணக்கிடலாம். இறக்கைகளின் எண்ணிக்கையை ஒரு நொடியில் சுழலும் சுற்றுகளால் பெருக்குங்கள். 7 இறக்கைகள், நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் என்றால் நொடிக்கு 50 சுற்றுகள்; 7 × 50 = 350 ஹெர்ட்ஸ். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். தாழ்ந்த சுருதியை நம் காது அவ்வளவு கூர்மையாக உணராது என்பதால், மெதுவாக ஓடும் விசிறி இன்னொரு வகையிலும் நமக்கு உதவுகிறது.

டெசிபெல் கணக்கு வேறு மாதிரி

ஒரு விசிறி 40 டெசிபெல். அதே போன்ற இரண்டு சேர்ந்தால் 80 என்று நினைக்காதீர்கள். டெசிபெல் மடக்கை அளவுகோல் என்பதால் விடை 43 மட்டுமே. ஒலியாற்றல் இரட்டித்தால் 3 டெசிபெல் கூடும். 10 டெசிபெல் குறைந்தால் நம் காதுக்குச் சத்தம் ஏறத்தாழப் பாதியானது போல் தோன்றும்.

40 டெசிபெல் விசிறியும் 30 டெசிபெல் விசிறியும் சேர்ந்தால்? 40.4 தான். அதாவது 30 டெசிபெல் விசிறியைக் கழற்றிவிட்டாலும் வேறுபாடு காதுக்குத் தெரியாது. அதனால் எல்லா விசிறிகளையும் மாற்றிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அதிகம் சத்தம் போடும் ஒன்றைக் கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றுங்கள். கண்டுபிடிக்க, தடித்த அட்டையைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் வெளியே ஒவ்வொரு விசிறிக்கும் நேராகப் பிடித்துக் கேளுங்கள்.

முதல் மருந்து சுத்தம்

கடைக்குப் போவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். சாலைத் தூசு, சாம்பிராணிப் புகை, தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து உலோகத் தகடுகளின் இடுக்கில் கம்பளி போலப் படிந்திருக்கும். அந்தப் படலம் காற்றையும் தடுக்கும், வெப்பத்தையும் தடுக்கும். கணினி தன் வெப்பநிலை உயர்வதை உணர்ந்து விசிறியை விரட்டும், அதனால் இரையும். தூசு நீங்கினால் புதிய விசிறி இல்லாமலே சத்தம் தணிவது உண்டு.

மென்தூரிகையாலும் காற்றூதியாலும் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். ஈரத்துணி வேண்டாம்.

வேகத்தைக் குறை, அளவைக் கூட்டு

சுத்தம் செய்தும் இரைந்தால் அடுத்த வழி இது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்.

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது நகர்த்தும் காற்றும் பாதியாகும். ஆனால் அதன் காற்றோசையின் ஆற்றல் பாதியாவதில்லை. பொறியாளர்களின் தோராய விதிப்படி அது வேகத்தின் ஐந்தாம் அடுக்கைப் பின்தொடர்கிறது. 2-ஐ ஐந்து முறை பெருக்கினால் 32. ஆகவே பாதி வேகத்தில் ஒலியாற்றல் 32-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 15 டெசிபெல் குறைவு. வேகத்தை 1500 சுற்றிலிருந்து 1000-க்குக் குறைத்தால் காற்றில் மூன்றில் ஒரு பங்குதான் இழப்பு. சத்தமோ ஏறத்தாழ 9 டெசிபெல் இறங்கும்.

இழந்த காற்றை எப்படி மீட்பது? அகலமான விசிறியால். 80 மில்லிமீட்டர் விசிறிக்குப் பதிலாக 120 மில்லிமீட்டர் விசிறியைப் பொருத்தினால் முகப்பின் பரப்பு 2.25 மடங்காகும். அதே அளவு காற்று, பாதிக்கும் குறைவான வேகத்தில் வெளியேறினால் போதும். கூரையில் தொங்கும் பெரிய விசிறி மெல்லச் சுழன்றே அறை முழுவதும் காற்று தருவதும், கையடக்க விசிறி கீச்சிட்டுச் சுழன்றும் முகத்துக்கு மட்டுமே காற்று தருவதும் இதனால்தான்.

பெட்டியில் 80 மில்லிமீட்டருக்கு மட்டுமே இடம் இருந்தால், அதே அளவில் நல்ல பேரிங் கொண்ட, குறைந்த வேக விசிறியைத் தேர்ந்தெடுங்கள். காற்று நுழையும் வழியையும் திறந்து வையுங்கள்: சுவரிலிருந்து பெட்டியைச் சில அங்குலம் தள்ளி வைத்தாலே பலன் தெரியும்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

அளவு: சட்டத்தின் வெளி அகலத்தை அடிக்கோலால் அளங்கள். 80, 92, 120, 140 மில்லிமீட்டர் என்பவை வழக்கமானவை. திருகுத் துளையிலிருந்து துளைக்கு அளந்துவிட்டு அதையே விசிறி அளவு என்று கடையில் சொல்லாதீர்கள். 120 மில்லிமீட்டர் விசிறியின் துளை இடைவெளி 105 மட்டுமே. தடிமன் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர்.

கம்பி: மூன்று ஊசி இணைப்பில் ஒன்று எதிர்முனை, ஒன்று 12 வோல்ட், மூன்றாவது வேகத்தைத் தாய்ப்பலகைக்குச் சொல்லும் கம்பி. நான்கு ஊசி இணைப்பில் கூடுதலாக ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி உண்டு. அதன் வழியே நொடிக்குச் சுமார் 25,000 துடிப்புகள் செல்கின்றன. துடிப்பு நீளமானால் வேகம் கூடும், குறுகினால் வேகம் குறையும். ஏன் 25,000? மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. கட்டுப்படுத்தும் துடிப்பே ஓர் இரைச்சலாகிவிடக் கூடாது என்பதற்காகக் கேள்வி எல்லைக்கு அப்பால் வைத்திருக்கிறார்கள்.

பேரிங்: சாதாரண உருளை பேரிங் விலை குறைவு, தொடக்கத்தில் அமைதி, ஆனால் வெப்பத்தில் எண்ணெய் வற்றும். குண்டு பேரிங் நீண்ட நாள் உழைக்கும். சற்றுச் சத்தம் உண்டு. எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் திரவ பேரிங் அமைதியும் ஆயுளும் சேர்ந்தது. விலை சற்றுக் கூடுதல். நம் வெப்பத்துக்கு இதுவே ஏற்றது.

மாற்றும் முறை

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

1. கணினியை முறையாக அணைத்து, சுவரிலிருந்து மின்கம்பியைக் கழற்றுங்கள். பிறகு முடுக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி, எஞ்சிய மின்னை வெளியேற்றுங்கள்.
2. பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னைப் போக்குங்கள்.
3. பழைய விசிறி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, கம்பி எங்கே செருகியிருக்கிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுங்கள்.
4. திருகுகளைக் கழற்றிப் புதியதைப் பொருத்துங்கள். விசிறியின் நடுவில் ஒட்டுத்தாளும் அதைத் தாங்கும் குறுக்குக் கால்களும் உள்ள பக்கமாகத்தான் பெரும்பாலும் காற்று வெளியேறும். முன்பக்க விசிறி காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்க விசிறி வெளியே தள்ள வேண்டும். சூடான காற்று மேலெழும் என்பதால் வெளியேற்றும் விசிறி மேலே இருப்பது நல்லது.
5. கம்பி இறக்கையில் உரசாதபடி கட்டி, பெட்டியை மூடும் முன் எதுவும் உள்ளே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செயலியின் மேல் உள்ள உலோகத் தகட்டையும் எடுக்க நேர்ந்தால், பழைய வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் சிறிது இட வேண்டும். வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையிலும் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு. அவற்றில் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அந்தக் குழிகளை நிரப்பத்தான் பசை.

ஒன்றை மட்டும் நீங்கள் தொடவே கூடாது. மின்கம்பி செருகப்படும் பவர் சப்ளை பெட்டிக்குள்ளும் ஒரு விசிறி இருக்கும். சத்தம் அதிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தாலும் அதைத் திறக்காதீர்கள். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் உள்ள மின்தேக்கிகள் உயிருக்கு ஆபத்தான மின்னைத் தேக்கி வைத்திருக்கும். அதை முழுதாக மாற்றலாம், பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

ரப்பர் செய்யும் உதவி

அதிர்வுதான் சிக்கல் என்றால் இரும்புத் திருகுக்குப் பதிலாக ரப்பராலோ சிலிக்கோனாலோ ஆன ஊசிகளால் விசிறியைப் பொருத்தலாம். கெடுத்து கித்தா தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் பால் மரம் சீவியெடுத்த அதே பொருளின் குணம்தான் இங்கே பயன்படுகிறது. ரப்பர் வளைந்து கொடுக்கும். அதிர்வு ஆற்றலின் ஒரு பகுதியைத் தனக்குள் வெப்பமாக மாற்றிவிடும். தகட்டுக்குப் போவது குறையும்.

இது விளையாட்டான சிறு தந்திரம் அல்ல. பத்து மாவுங்கையும் பத்து காவானையும் இணைத்து 2014-இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலத்தை எண்ணிப் பாருங்கள். 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில், நிலநடுக்க அதிர்வைத் தாங்க இயற்கை ரப்பரால் ஆன தாங்கிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாலத்துக்கும் விசிறிக்கும் அளவு வேறு, அறிவியல் ஒன்று.

மாற்றிய பின் சோதியுங்கள்

“சத்தம் குறைந்த மாதிரி இருக்கிறது” என்பது அறிவியல் விடை ஆகாது. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளங்கள். கைப்பேசியின் ஒலியளவிச் செயலியால் டெசிபெலைக் குறியுங்கள். அது துல்லியமான கருவி இல்லையென்றாலும் முன்பின் ஒப்பீட்டுக்குப் போதும். வெப்பநிலையைக் கணினியின் பயாஸ் திரையிலோ, வெப்பநிலை காட்டும் மென்பொருளிலோ பாருங்கள்.

இங்கே தற்சார்பு மாறி, விசிறி. சார்பு மாறிகள், ஒலியளவும் செயலியின் வெப்பநிலையும். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை? கைப்பேசியின் தூரம், அறையின் வெப்பநிலை, கணினி செய்யும் வேலை. காலையில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் அளந்து ஒப்பிட்டால் முடிவு தவறாகிவிடும். இரண்டு முறையும் ஒரே வேலையைக் கொடுத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு அளங்கள்.

சத்தம் இறங்கி, வெப்பநிலை அதே அளவில் நின்றாலோ குறைந்தாலோ வெற்றி. சத்தம் இறங்கி வெப்பநிலை ஏறினால், நீங்கள் விசிறியை அடக்கியிருக்கிறீர்கள், சிக்கலைத் தீர்க்கவில்லை. பயாஸில் வேகத்தைச் சற்றுக் கூட்டி மறுபடி அளங்கள். பிற்பகல் வெப்பத்திலும் நிலையாக ஓடி, பக்கத்து அறையில் உறங்குபவரை எழுப்பாத அந்த வேகத்தைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் ஆய்வு.

செய்து பாருங்கள்

1. ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள் சேர்ந்து 45 டெசிபெல் ஒலி எழுப்புகின்றன. ஒன்றை நிறுத்தினால் எவ்வளவு?
2. 9 இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்திற்கு 1200 முறை சுழல்கிறது. அதன் இறக்கை ஓசையின் அதிர்வெண் என்ன?
3. கணினி 150 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. நொடிக்கு 10 கிராம் காற்று அதன் வழியே ஓடுகிறது. அறை 33 பாகை என்றால் வெளியேறும் காற்றின் வெப்பநிலை என்ன?

விடைகள்: 1. 42 டெசிபெல். 2. 180 ஹெர்ட்ஸ். 3. 48 பாகை செல்சியஸ்.